மூக்கர் வீட்டு எலுமிச்சைத் தோல்

ஃப்ரிட்ஜைத் திறந்தால் பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோல். செருப்பு அலமாரியில் ஒரு கிண்ணம் நிறையக் காப்பித்தூள். சர்க்கரை டப்பாவில் சர்க்கரையைவிடக் கிராம்பு அதிகம். வீடு துடைக்கிற வாளியில் யூகலிப்டஸ் தைலம். இதெல்லாம் போதாதென்று, அன்றைக்கு மடித்து வைத்த துணிக்குள் கையை விட்டவள் ஒரு முழுப் பூண்டை வெளியே எடுத்தாள்.

"பூண்டா! துணியிலயா!"

"பூச்சி அரிக்காது," என்றார் கணவர், ஏதோ சாதித்துவிட்ட முகத்தோடு. "பேப்பர்ல போட்டிருந்தான். காசா பணமா? வீட்ல கிடக்கிற பூண்டுதானே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள் அவள். முந்தின நாள் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கண்ணாடித் துவாரத்தில் முகத்தை நீட்டி, "ஏம்மா, உள்ள சமையல் ஏதும் நடக்குதா?" என்று கேட்டபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது புரிந்தது. உடுத்தியிருந்த புடவையே பூண்டுக் குழம்பாக மணந்திருக்கிறது. அது தெரியாமல் அந்தப் பெரியவரை வேறு முறைத்திருக்கிறாள்.

மனிதர் முன்பு இப்படி இல்லை. பால் பண்ணையில் அவருக்கு 'மூக்கர்' என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. விடிவதற்கு முன்பே கேன் கேனாகப் பால் வந்து இறங்கும். மேடையில் நின்று ஒவ்வொரு கேனின் மூடியையும் திறந்து, சட்டென்று தலைகீழாகப் புரட்டி, அதன் உட்புறத்தை முகர்ந்து பார்ப்பதுதான் அவர் வேலை. வாடையெல்லாம் மூடியின் அடியில்தான் தேங்கி நிற்கும் என்பார். திரிந்த பால், திரியப்போகிற பால், மாட்டுக்கு என்ன தீவனம் போட்டார்கள் என்பது வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். 'தள்ளு' என்று அவர் சொன்னால் கேன் ஓரமாகப் போகும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவள் 'மூக்கர் வீட்டம்மா' ஆனதும் அப்படித்தான். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தார். அதிலிருந்துதான் இந்தக் கூத்து. காய்ச்சல் மண்டைக்குள் ஏறிவிட்டது என்று தங்கையிடம் போனில் புலம்பினாள். போதாக்குறைக்கு அடிக்கடி வயிறு சரியில்லை என்று இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தார். டாக்டரிடம் போகச் சொன்னால், "வீட்லயே வைத்தியம் இருக்கும்போது அங்க போய் எதுக்கு உக்காரணும்?" என்று ஒரு வியாக்கியானம்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மேடைக்குப் பொறுப்பாளராக இருக்கிறவர் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடம் மூக்கருக்குத்தான் என்று பண்ணை முழுக்கப் பேச்சு. பொறுப்பாளர் என்றால் விடிந்த பிறகு போனால் போதும். மேலே நின்று மேற்பார்வை பார்த்தால் போதும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அலாரச் சத்தத்தில் இருட்டில் கண்விழித்து, பாதித் தூக்கத்தில் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தவள் அவள். ஒரு நாளாவது வெயில் ஜன்னலில் ஏறுகிற வரைக்கும் பக்கத்தில் படுத்திருக்கிற புருஷன் வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அதைப் பற்றிப் பேசினால் மட்டும் இந்த மனிதர் நழுவுவார். "பாக்கலாம், பாக்கலாம்" என்றபடியே எலுமிச்சைத் தோலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணை மேனேஜரே வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். விஷயத்தைப் பேசி முடிக்கத்தான்.

அன்று காலை அவளுக்குச் சாமி வந்த மாதிரி ஒரு வேகம். பெரிய குப்பைப் பையை எடுத்தாள். ஃப்ரிட்ஜில் கிடந்த தோல், அலமாரியில் இருந்த காப்பித்தூள், பூண்டு, கிராம்பு, ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த ஆரஞ்சுத் தோல் என்று ஒன்று விடாமல் அள்ளிப் போட்டாள். தைலப் புட்டியும் போனது.

"அந்தக் கிராம்பையாவது விட்டு வை," என்று பின்னாலேயே வந்தார் அவர்.

"எதுக்கு? மேனேஜருக்கு மாலை கட்டிப் போடவா?"

"எறும்பு வரும்…"

"வரட்டும்! எறும்புங்களாவது இந்த வீட்ல நிம்மதியா இருக்கட்டும். எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல."

அவள் பையை இறுக முடிந்து, கீழே தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். குப்பை வண்டி அப்போதுதான் வந்து நின்றது. எல்லாம் ஒரேயடியாகத் தொலைந்தது என்று அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

பாலை அடுப்பில் ஏற்றி, தீயைக் குறைத்து வைத்தாள். "பன் வாங்கிட்டு வரேன். பாலைக் கொஞ்சம் பாத்துக்குங்க. பால் விஷயத்துல உங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன?" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

கடையில் கூட்டம். திரும்பி வரும்போது மாடிப்படியிலேயே அவளுக்கு வாடை அடித்தது. பால் அடிப்பிடித்த வாடை. யார் வீட்டுப் பாலோ என்று நினைத்துக்கொண்டே ஏறினாள். ஏற ஏற அது தன் வீட்டுப் பால்தான் என்று தெரிந்தது. என்னென்ன திட்டுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தாள்.

அவர் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தார். பழைய செய்தித்தாளைக் கசக்கி ஈரமாக்கி, டம்ளர்களைப் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தார். அதுவும் பேப்பரில் வந்த ஒரு குறிப்புதான். வாய்க்குள் ஏதோ பாட்டு. சமையலறையில் நிற்க முடியாத நாற்றம். அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

திட்ட வந்த வாய் அப்படியே நின்றுபோனது. முன்பு ஒரு நாள், தெருவில் நடந்துகொண்டிருந்தபோதே எதிர்வீட்டுப் பால் தீய்கிறதென்று கண்டுபிடித்து, ஓடிப்போய் மணியடித்து எழுப்பியவர் இவர்.

"ஏங்க," என்றாள். குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது. "பால் எப்படி இருக்கு?"

அவர் திரும்பினார். மேலே வெள்ளையாக ஆடை படர்ந்திருந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பாத்திரத்தின் மேல் குனிந்து, மேடையில் செய்வது போலவே ஆழமாக மூச்சை இழுத்தார். ஒரு கணம் யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அவள் அடுப்பை அணைத்தாள். கரண்டியை விட்டு அடியைச் சுரண்டி, கருகிய பொருக்கை எடுத்து அவர் கண்ணெதிரே பிடித்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்பலேர்ந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

எலுமிச்சை, கிராம்பு, காப்பி, தைலம், பூண்டு. எறும்புக்கும் இல்லை, பூச்சிக்கும் இல்லை. நெடி உள்ளதையெல்லாம் வீட்டில் மூலைக்கு மூலை வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மோந்து பார்த்திருக்கிறார். திரும்பி வருமா, இன்றைக்காவது வருமா என்று. அவள் அதையெல்லாம் கிறுக்குத்தனம் என்று நினைத்துத் தங்கையிடம் புலம்பியிருக்கிறாள்.

"மேடையில என்ன பண்றீங்க?"

"வாயில ஊத்திப் பாத்துத் துப்புறேன். யாரும் பாக்காதப்ப. புளிப்பு நாக்குக்குத் தெரியுது."

"பச்சைப் பாலா? அதுவும் திரிஞ்ச பாலையா? அதான் வயிறா?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஆத்திரம்தான் முந்தியது. "என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? நான் யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?"

அவர் ஈரக் காகிதத்தை உருட்டிக்கொண்டே நின்றார். "ஊரே மூக்கர்னு கூப்பிடுது. இது போச்சுன்னா என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

மேனேஜர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்று காற்றை முகர்ந்தார். "என்ன, மூக்கர் வீட்லயே பால் தீயுதா?"

அவள் சட்டென்று முன்னால் வந்தாள். "நான்தான் சார். அடுப்புல வெச்சுட்டுக் கடைக்குப் போயிட்டேன், இவரு வெளியில…"

"நான் அடுப்புகிட்டதான் சார் நின்னேன்," என்றார் மூக்கர்.

அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் நிறுத்தவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல. ரெண்டு மாசமா எதுவும் தெரியல. புளிச்ச பாலை நாக்கால கண்டுபிடிச்சிடுறேன். மண்ணெண்ணெய் பட்ட கேன் வந்தா தெரியாது சார். பூச்சி மருந்து பட்டிருந்தாலும் தெரியாது. சின்னப் பிள்ளைங்க குடிக்கிற பாலு. இந்த லட்சணத்துல பொறுப்பாளர் வேலைக்கு எப்படி சரின்னு சொல்றது?"

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றார்.

"ஆமா சார்."

"நாளையிலேர்ந்து மேடைக்கு வேண்டாம். காது மூக்கு டாக்டர் யாரையாவது முதல்ல பாருங்க. அதுவரைக்கும் கேன் கழுவுற பக்கம் நில்லுங்க." எழுந்தவர் அவள் பக்கம் திரும்பி, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, "அங்க வேலை விடிஞ்சப்புறம்தாம்மா. மெதுவா வந்தா போதும்," என்றார்.

டீ குடிக்காமலேயே போய்விட்டார். வாங்கி வந்த பன் பொட்டலம் பிரிக்காமல் மேஜையில் இருந்தது.

விடிந்த பிறகு எழுந்திருக்கிற புருஷன். கேட்டது கிடைத்துவிட்டது. அவளுக்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

பிறகு கருகிய பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுக் கையொடியத் தேய்க்க ஆரம்பித்தாள். அவர் மெல்ல வந்து நிலைப்படியில் நின்றார்.

"சோடா உப்பு போட்டு ஊற வெச்சா…"

"வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்!"

அவள் கையைக் கழுவினாள். தோலையெல்லாம் தன் கையாலேயே குப்பை வண்டிக்குக் கொடுத்தாயிற்று. ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்தது மேனேஜருக்கு ஜூஸ் போட வைத்திருந்த ஒரே ஒரு முழு எலுமிச்சம்பழம். எடுத்துக் குறுக்கே வெட்டினாள். சாறு பலகையெல்லாம் வழிந்தது.

"அய்யோ, முழுப் பழத்தை ஏன் வீணாக்குற? தோலு போதுமே…"

"வீணாப் போகட்டும். பிடிங்க."

அவர் பாதியைக் கையில் வாங்கினார். பழக்கம் விடவில்லை, மூடியைப் புரட்டுவது போல அதைச் சட்டென்று புரட்டி, மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி இழுத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"இல்ல," என்றார் அவர்.

"சரி," என்றாள் அவள், எரிச்சலோடு. மூக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அடுத்த பாதியை நீட்டினாள். "இதைப் பாருங்க."