மூளைக்குத் தீனி

என் வீட்டுக்காரர் நாடக நடிகர். அதனால் எதையும் சும்மா சொல்ல மாட்டார். ஒத்திகையில் நடுவசனத்தில் வாயடைத்து நின்றுவிட்டு வந்தவர், "எனக்கு மூளை தேஞ்சு போச்சு. சனிக்கிழமை மேடை ஏற மாட்டேன், வேற ஆளப் பாத்துக்கட்டும்" என்று சோபாவில் சாய்ந்துவிட்டார். நடிப்பை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் லாக்டேட்டைப் பற்றி ஆராய்கிறோம். உடம்பை வருத்தினால் தசையில் அதிகமாக உண்டாகும் சமாசாரம் அது. ஒரு காலத்தில் வெறும் கழிவு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் மூளை அதையும் எரித்துச் சக்தியாக்கிக்கொள்கிறது. வருகிறவர்களுக்கு ஓய்வில் ஒரு தடவை, சைக்கிள் மிதித்த பின் ஒரு தடவை ஞாபகச் சோதனை வைப்போம். "வாங்க, பாத்துடலாம்" என்று அவரையும் இழுத்துப்போனேன்.

காதுமடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். இன்னும் சைக்கிளில் ஏறவே இல்லை, கருவியோ மிதித்து முடித்தவருடைய லாக்டேட் அளவைக் காட்டியது. மறுபடி எடுத்தேன். அதேதான். நிமிர்ந்தால் மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னங்க பண்ணீங்க?"

"பாத்ரூம்ல... கொஞ்சம் பஸ்கி எடுத்தேன்."

"அசையாம உக்காந்திருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நீதானே சொன்னே, லாக்டேட் மூளைக்குத் தீனின்னு. வெறும் வயித்தோட யாராவது பரீட்சைக்குப் போவாங்களா? உன் முன்னாடி அசிங்கப்படக் கூடாதுன்னுதான்."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு முந்திக்கொண்டது. அளவு இறங்கும்வரை பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தேன். பிறகு வார்த்தைகளை வாசித்துக்காட்டி, திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

எழுந்து நின்றார். "பால்!" என்று கர்ஜித்தார். "ஏணி" என்று விம்மினார். "குடை"க்கு ஒரு காதல் பார்வை வேறு. கடைசிவரை ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது என்பது விதி. அவர் என் முகத்திலேயே படித்துவிட்டார்.

"அப்ப எனக்கு மறதி இல்லையா?"

"இல்லவே இல்ல."

"பின்ன வசனம் ஏன் மறந்துச்சு?"

"மறக்கணும்னா முதல்ல படிச்சிருக்கணுமே! டிவி முன்னாடியே கெடந்தா வசனம் தானா வந்து மண்டையில ஏறிக்குமா?"

மனிதர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

"என் போன்ல வசனம் இருக்கு, எடுத்து வாசி. நான் மிதிச்சுக்கிட்டே படிக்கிறேன்."