பத்து பத்து நிழல்

1981 ஜனவரியிலிருந்து பட்டாபிராமில் சகாயம்மாள் வீட்டு ஓட்டின்மேல் தினமும் காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஒரு விமானத்தின் நிழல் கடந்து போனது. மேலே விமானம் இல்லை. நிழல் மாட்டுவண்டி வேகத்தில் வரும், கொல்லைத் துணிகளைத் தடவும், தண்டவாளம் தாண்டிக் கல்லறைத் தோட்டப் பக்கம் மங்கிவிடும். இந்த வேகத்தில் போனால் எந்த விமானமும் விழுந்துவிடும். ஆனால் விழுவதற்கு மேலே ஒன்றும் இல்லாததால் யாரும் பயப்படவில்லை. வடகம் காயவைத்தவர்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

அது செபாஸ்டியனின் குண்டுவீச்சு விமானம் என்பதில் மட்டும் அந்த வீட்டில் சண்டை இல்லை. சகாயம்மாளின் ஒரே மகன் அவன். விமானிக்குப் பின்னால் உட்கார்ந்து, வேகம், திசை, காற்று, கடந்த நேரம் நான்கையும் கணக்கிட்டு வழி சொல்வது அவன் வேலை. 1971 டிசம்பரில் ஓர் இரவு எல்லை தாண்டிப் போனவன் திரும்பவில்லை. தந்தியில் 'காணவில்லை' என்றுதான் இருந்தது. அந்தச் சொல்லை அவன் மனைவி செலின் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கல்லறைத் திருநாளில், புதைக்க உடல் கிடைக்காதவர்களுக்காகப் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம். சகாயம்மாள் வருடாவருடம் ஏற்றுவாள். செலின் வருடாவருடம் ஊதி அணைப்பாள்.

"எம் புள்ளைக்கு ஒரு மெழுகுவத்திகூட ஆவாதாடி ஒனக்கு?"

"ஏத்துனா செத்துட்டாருன்னு ஆயிடும் அத்தே. ஊட்டுக்கு வர்றவருக்கு எதுக்கு?"

அடுத்த வீட்டு வேம்புலி ஆவடியில் ஃபிட்டர். நிழல் வந்த புதிதில் அவன் ஒருநாள் டேப்போடு வந்து அதன் ஓரத்தை அளந்தான்.

"அளவெடுக்கிறியே, எம் புள்ளைக்கு இன்னா சட்டையா தைக்கப் போற?" என்றாள் சகாயம்மாள்.

"இல்ல ஆயா. சூரியன் இன்னா குண்டூசி மொனையா? தட்டு மேரி கீது. அதான் நெனலோட ஓரம் பிசிறடிக்குது. நூறடி ஒசரத்துக்கு ஓரடி பிசிறு. இது நாப்பதடி கீது."

அந்தக் கணக்குப்படி, கண்ணுக்குத் தெரியாத விமானம் நாலாயிரம் அடி உயரத்தில் இருந்தது. 1985 தொடக்கத்தில் பிசிறு முப்பது அடி, 1992 கடைசியில் பத்து. வேம்புலி காலண்டர் தாளின் பின்பக்கம் உயரம் குறைவதைக் கோடு போட்டுப் பார்த்தான். கோடு 1996 நவம்பர் இரண்டாம் தேதியில் தரையைத் தொட்டது. அன்று கல்லறைத் திருநாள்.

அன்று காலை செலின் அறுபது மெழுகுவத்திகளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். தண்ணீர் ஊறும் தரை என்று யாரையும் புதைக்காமல் விட்டிருந்த கோடியில் அவற்றை ஓடுபாதை விளக்குகளைப்போல் இரண்டு வரிசையாக நட்டாள். இறங்கும் விமானத்திலிருந்து பார்க்க, இரு விளக்கு வரிசையும் நேராக முன்னால் ஒரு புள்ளியை நோக்கிக் கூடினால் பாதை சரி. ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தால் திருப்ப வேண்டும். கடைசி விடுப்பில் செபாஸ்டியன் சமையலறைத் தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டியது அது.

"பட்டப்பகல்லயாடி?" என்றாள் சகாயம்மாள்.

"கெளம்புனது ராத்திரி. அவருக்கு இன்னும் விடியல அத்தே."

மாமியார் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மறு வரிசைக்குப் போனாள்.

பத்து பத்துக்கு நிழல் வந்தது. இரண்டு வரிசைக்கும் நடுவே இறங்கி, மெதுவாகி, நின்றது. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. வேம்புலி குனிந்து டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, அதைச் சுருட்டிக்கொண்டான். யாரும் இறங்கவில்லை. மெழுகுவத்திகள் அடிவரை எரியும்வரை செலின் நின்றாள். பிறகு கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்த பாதிரியாரைக் கூப்பிட்டாள்.

"வந்துட்டாரு சாமி. இங்கயும் தீர்த்தம் தெளிங்க."

நிழல் அங்கேயே இருக்கிறது. புதிய குழிகளை அதற்கு அப்பால் தள்ளி வெட்டுகிறார்கள். அடியில் புல் முளைப்பதில்லை. நண்பகலிலும் தரை சில்லென்றிருப்பதால், கல்லறைத் திருநாளன்று மாமியாரும் மருமகளும் இடது இறக்கையின் மேல் உட்கார்ந்துதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்.