மேட்டில் நின்றவரின் செட்

தங்கை கேட்டது ஒரே கேள்விதான். "அவர் செட்ட அணைச்சு வச்சிட்டார்னு பேசிக்கிறாங்களே அண்ணா, நெசமா?"

கணவன் இறந்து பதினெட்டு நாள் ஆகிறது. காவல் மேட்டில் காலில் குண்டு பட்டுக் கிடந்தவர், உதவிக்கு ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. எதிரி கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்து ரேடியோ செட்டை அணைத்துவிட்டுப் பதுங்கியிருந்தாராம். யாரோ கொளுத்திப் போட்டது, படைக் குடியிருப்பு முழுக்கப் பற்றிக்கொண்டது. இவள் தலையைக் கண்டால் மாடிப்படியில் பேச்சு சட்டென்று நிற்கிறது. அந்தச் செட்டை வடிவமைத்த எஞ்சினியரே இவளுடைய அண்ணன். அவனை விட்டால் யாரைக் கேட்பாள்?

"பாத்துச் சொல்றேன்" என்று போனவன், மறுநாள் ஆய்வுக்கூடத்தில் செட்டுகளின் பதிவைத் திறந்தான். திறக்காமலே அவனுக்குத் தெரியும். அதுதான் கொடுமை.

களத்தில் கோபுரம் நட்டுவிட்டுச் சண்டை போட முடியாது. ஆகவே ஒவ்வொருவர் கையிலிருக்கும் செட்டுதான் மற்றவர்களுக்குக் கோபுரம். யார் உயரமான, நல்ல இடத்தில் நிற்கிறாரோ, அத்தனை பேர் பேச்சும் அவர் செட் வழியாகப் போகும். அவர் வாயே திறக்காவிட்டாலும் பேட்டரி கரையும். பாதி கரைந்ததும் அந்தச் சுமையை வேறு செட்டுக்குத் தள்ளிவிட இவன் ஒரு வழி செய்து வைத்திருந்தான். தள்ளும்போது இரண்டு விநாடி பேச்சு அறுபடும், அவ்வளவுதான்.

பெரிய அதிகாரிகள் சோதனையைப் பார்க்க வந்த வாரம், இயக்குநர் இவனைக் கூப்பிட்டார். "அந்த ரெண்டு விநாடி அவங்க காதுல விழுந்தா நம்ம கதை கந்தல். அந்த ஏற்பாட்ட இப்போதைக்கு எடுத்துடுங்க. அப்புறம் சேத்துக்கலாம்."

அப்புறம்! அலுவலகத்தில் அப்புறம் என்றால் எப்போது என்று தெரியாத பச்சைக் குழந்தையா இவன்? பதவி உயர்வுப் பட்டியலில் பேர் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு எடுத்தான், எடுத்ததற்குக் கையெழுத்தும் போட்டான்.

பதிவு பிசிறில்லாமல் சொன்னது. அன்று நாற்பத்தொரு பேரின் பேச்சு மாப்பிள்ளையின் செட் வழியாகப் போயிருக்கிறது. நாலு பத்துக்கு அது செத்தது. உடனே மற்றவர்களின் பேச்சு இரண்டே விநாடி அறுபட்டு, வேறு வழி பிடித்துக்கொண்டது. ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை. அவருக்குக் குண்டு பட்டது நாலே முக்காலுக்கு.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனான். "அவர் அணைக்கலம்மா. பேட்டரி தீந்துபோச்சு."

"முழுசா சார்ஜ் ஏறாம அவர் கெளம்பவே மாட்டாரே."

மறந்திருப்பார் என்று செத்தவர் தலையில் கட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். செட் ஏன் செத்தது என்று மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் இயக்குநர் அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார். நாக்கு புரளவில்லை. ஒன்று விடாமல் சொன்னான், கையெழுத்து உட்பட. நாளைக்கே அறிக்கையிலும் இதையே எழுதப்போவதாகச் சொன்னான்.

கத்துவாள், செருப்பைத் தூக்குவாள் என்று காத்திருந்தான். அவளோ துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு மேட்டுல நிக்க வேண்டியது வேற ஒருத்தர்" என்றாள். "இவரே கேட்டு வாங்கிக்கிட்டார். அதுக்கு மொத நாள் போன்ல சொன்னார். 'ஒசரத்துல ஒருத்தன் நின்னா அத்தன பேருக்கும் நல்லா கேக்கும், உங்கண்ணன்தான் எனக்குச் சொல்லிக்குடுத்தார்'னு."