எண்ணாமல் நின்றவர்

குளிர் அறைக் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஆறு மாதம் ஆகிறது. உள்ளே போகிறவன் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அங்கே பெட்டி தூக்குகிற எல்லாருக்கும் அது பாலபாடம். அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் அக்காள் புருஷனைக் கூப்பிட ஓடிவந்த மச்சினன், அந்தக் கட்டையைக் காலால் இடறிவிட்டான். இருவரும் உள்ளே இருக்க, கதவு சாத்திக்கொண்டது.

அக்காள் புருஷன் எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் சொல்கிறவன். அதனால் அந்த இடத்தில் அவனுக்குப் பெயரே ஸ்தோத்திரம்.

"தட்டுங்க மச்சான்."

"தட்டி என்ன? எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. மணி அடிச்சாத்தான் வருவாங்க. முக்கால் மணி நேரம் ஆகும்."

"உங்க ஆளைக் கூப்பிடுங்களேன். எல்லாத்துக்கும் மேலானவர்னு சொல்வீங்கல்ல. ஒரு கைப்பிடி அவருக்குப் பெரிய காரியமா?"

பஞ்சு வைத்த தொளதொள கோட்டு ஸ்தோத்திரத்தின் உடம்பில் இருந்தது. மச்சினன் வேர்த்து நனைந்த சட்டையோடு வந்தவன். காது நுனி அதற்குள் வெளுத்திருந்தது. நூறு எண்ணும்வரை அந்தக் கோட்டை ஒருவன் போட்டுக்கொள்வது, பிறகு மற்றவன் என்று பேசிக்கொண்டார்கள். மச்சினனுக்குப் பல் தந்தியடித்ததால் எண்ணுகிற வேலை ஸ்தோத்திரத்துக்கு.

மூன்று முறை கைமாறியபின் மச்சினன் சொன்னான்: "ஒண்ணு கேக்கட்டா மச்சான்? என் நூறு ஓடுது. உங்க நூறு நடக்குது."

"குளிர்ல அப்படித் தோணும் மாப்ளே."

வெறும் தோணல் இல்லை, நிஜம்தான். சொன்ன வாய்க்கே தெரியும். விடிந்ததும் முழங்காலில் நின்று, உம்மைவிட அழகானவர் எனக்கு யாருமில்லை, மற்றதெல்லாம் உமக்குப் பின்னால்தான் என்று தினமும் சொல்கிற வாய் அது. இப்போது ஒரு பஞ்சுக் கோட்டு அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. சாத்திய கதவைவிட அதுதான் அவனுக்கு மூச்சை அடைத்தது. கதவை யாராவது வந்து திறப்பார்கள். இதிலிருந்து எப்படி வெளியே போவது?

கண்ணை மூடி அவர் முகத்தை நினைத்தான். காலண்டர் முகம் வரவில்லை. நாற்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டப் பழகி, இரண்டு நாள் விரல் வைத்துப் படித்த வேதப் புத்தகத்தின் ஒரு பக்கம் வந்தது. தையலில்லாத ஒரே அங்கி. அதையும் உருவிக்கொண்டு சேவகர்கள் கீழே சீட்டுப் போடுகிறார்கள். மேலே சிலுவையில் அவர் வெறும் உடம்போடு, யாருக்கு எவ்வளவு என்று எண்ணாமல். தச்சு வேலையில் காய்த்துப்போன கை, கூலிக்காரன் கைதான். அதில் ஆணி. இவ்வளவு அழகையும் இத்தனை நாள் கோட்டுக்குள் இருந்துகொண்டே பார்த்திருக்கிறான்.

கோட்டைக் கழற்றி மச்சினனுக்குப் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டான். குளிர் எலும்பில் ஊசி ஏற்றியது.

"நூறு ஆயிருச்சா மச்சான்? சத்தத்தையே காணோம்."

"எண்ணலை."

"மறந்துட்டீங்களா?"

"எண்ணிக்கிட்டே இருந்தா அவரைப் பாக்க முடியலை மாப்ளே."

மச்சினன் கிண்டல் செய்ய வாயைத் திறந்தான். ஸ்தோத்திரத்தின் உதடு நீலம் பாரித்திருந்தது. மச்சினன் பொத்தான்களைக் கழற்றினான். கோட்டின் ஒரு கையிலிருந்து தன் கையை உருவி, அதற்குள் ஸ்தோத்திரத்தின் விறைத்த கையைத் திணித்தான். ஆளுக்கொரு கையாக ஒரே கோட்டுக்குள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"முதல்லயே இப்படி நின்னிருக்கலாம். ரெண்டு பேரும் அறிவுக்கொழுந்து."

மணி இன்னும் அடிக்கவில்லை. ஸ்தோத்திரம் சிரிக்கப் பார்த்தான், உதடு இணங்கவில்லை.

"எண்ணிக்கிட்டு இருந்தோம்ல" என்றான்.