வெறும் வயிறு

அன்று காலை பொட்டு கூடைக்குள் போக மறுத்தது. வாசலில் ஆனந்தனின் ஆட்டோ வந்து நின்றாகிவிட்டது. பூந்தமல்லியில் டாக்டரம்மா காத்திருக்கிறார். கூடையின் கம்பிக் கதவு திறந்து கிடக்க, பூனையோ பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒட்டிக்கொண்டது.

"இத்தினி நாளா பாடம் நடத்தினியே, இன்னாச்சு உன் ஸ்டூடண்டுக்கு?" என்றாள் பூங்காவனம்.

மருமகள் கார்த்திகா தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி, "வாடி கண்ணு, வாடி பொட்டு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

முகப்பேரில் அவள் அம்மா வீட்டுத் தெருவில், மழைநீர்க் கால்வாயிலிருந்து எடுத்து வளர்த்த பூனை அது. சீர்வரிசையோடு பாரிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. கார்த்திகாவைத் தவிர யார் நிழல் பட்டாலும் ஓடி ஒளியும். பூங்காவனத்துக்கு அது பெரிய மனக்குறை. "பால் ஊத்துறது நானு. என்னைக் கண்டா பேயைக் கண்ட மாரி ஓடுது" என்று போவோர் வருவோரிடமெல்லாம் அங்கலாய்ப்பாள்.

அதன் மடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தபோது, மகன் இளங்கோ கோணிப்பையில் அமுக்கிப் பிடித்து பைக்கில் கொண்டுபோனான். பையிலேயே மூத்திரம் போய், அவன் கையைக் கிழித்து, வீடு திரும்பியதும் பரணில் ஏறிய பூனை இறங்கவே இல்லை. "கட்டியை எடுத்தே ஆகணும். ஆனா இவ்வளவு பயத்தோட கொண்டு வராதீங்க, பழக்கிக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து கூடை நடுக்கூடத்திலேயே கிடந்தது. அதற்குள் கார்த்திகாவின் பழைய நைட்டி. நைட்டியின் மேல் நெத்திலிக் கருவாடு. முதலில் தலையை மட்டும் நீட்டித் தின்றது. பிறகு உள்ளேயே தூங்கியது. கதவைச் சாத்திப் பழக்கினாள், துண்டு போட்டு மூடித் தூக்கி நடந்தாள், நிற்கிற ஆட்டோவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஆனந்தனுக்கே உத்தரவு. "புள்ளைத்தாச்சியக்கூட இவ்ளோ பதமா ஏத்தினு போனதில்லக்கா" என்று அவன் சிரிப்பான்.

எல்லாம் சரியாக வந்தது. ஆனால் இன்று ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பதால் நேற்று ராத்திரியிலிருந்து எதுவும் தரக்கூடாது. கூடைக்குள் நெத்திலி இல்லை. பூனைக்கு உள்ளே போக ஒரு காரணமும் இல்லை.

"டாக்டருக்கு போன் பண்ணி லேட்டாகும்னு சொல்லிட்டு வரேன். அத்தை, எதுவும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு கார்த்திகா வாசலுக்குப் போனாள்.

பூங்காவனம் பூனையைப் பார்த்தாள். ஒட்டிய வயிறு. பரீட்சைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த வீட்டிலிருந்து யாரையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. ஒரு வாய் தயிர்சோறாவது ஊட்டித்தான் படியிறக்குவாள். டாக்டர்கள் எப்போதும் பத்து மடங்கு கூட்டித்தான் சொல்வார்கள் என்பது அவள் எண்ணம். விரல் நீளம் கூட இல்லாத மீன் என்ன செய்துவிடப் போகிறது?

நெத்திலி டப்பாவைத் திறந்து ஒன்றை நீட்டினாள். பூனை மோந்தது. ஓடவில்லை. அவள் விரலிலிருந்தே கவ்வித் தின்றது. அந்தச் சொரசொரத்த நாக்கு உள்ளங்கையைத் தொட்டதும் பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னும் ஒரு பிடி அள்ளிக் கூடைக்குள் போட்டாள். பொட்டு தானாக நடந்து உள்ளே போய் அத்தனையையும் தின்று தீர்த்தது.

திரும்பி வந்த கார்த்திகா திகைத்து நின்றாள். "எப்படி அத்தை?"

"கூப்ட்டேன். வந்துச்சு."

வழியெல்லாம் கார்த்திகா அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். "ஆனந்தண்ணே, அத்தை கூப்ட்டு வந்துச்சுண்ணே."

"அப்ப மாமியார் மருமவ சண்டைக்கு இனிமே நாட்டாமை பூனைதான்" என்றான் ஆனந்தன். கல்யாணமாகி வந்ததிலிருந்து மருமகள் இப்படித் தன் தோளில் சாய்ந்து சிரித்துப் பூங்காவனம் பார்த்ததில்லை.

"வெறும் வயிறுதானே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ராத்திரியிலேர்ந்து ஒண்ணுமே குடுக்கல டாக்டர்" என்றாள் கார்த்திகா. பூங்காவனத்துக்கு உண்மை வாய் வரை வந்தது. மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே விழுங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா தானே வெளியே வந்தார். கையுறையைக் கழற்றியபடி மெதுவாகத்தான் சொன்னார். மயக்க மருந்து ஏறும்போது வாந்தி எடுத்திருக்கிறது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. "வயித்துல சாப்பாடு இருந்துச்சும்மா."

கார்த்திகா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் சரியா பாக்கல. ராத்திரி கிச்சனை மூடாம தூங்கிட்டேன் போல. எதையாவது எடுத்துத் தின்னிருக்கும். நானே கொன்னுட்டேன் அத்தை."

சும்மா இருந்தால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. பூங்காவனம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"நீ இல்ல கார்த்திகா," என்றாள். "நான் குடுத்தேன். பட்டினியா அனுப்ப மனசு வரல. டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கணும். நீ சிரிச்சினு இருந்தியா, சொல்ல வாய் வரல."

கார்த்திகா நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று பூங்காவனம் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. கார்த்திகா கேட்டது வேறு.

"உங்க கையிலேர்ந்தா தின்னுச்சு?"

"ஆமா."

"பயப்படலையா?"

"இல்லம்மா. கொஞ்சங்கூடப் பயப்படல."

அப்போதுதான் கார்த்திகா அழத் தொடங்கினாள். தோளைத் தொடப் போன கையைப் பூங்காவனம் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.