இல்லாத கூடை

ஏலக்காய் எடுக்கும் பெண்களுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒருத்தியைத் தவிர எல்லோரும் கையை இடுப்பிலிருந்து விலக்கியே வீசினார்கள். வேலை நாளெல்லாம் இடுப்பில் கட்டியிருக்கும் கூடைக்கு, அது இல்லாதபோதும் கை இடம் விட்டது. பந்து வலப்பக்கம் ஓடிப் புதரில் விழுந்தது.

சக்குபள்ளத்துக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டின் நர்ஸ் ஞானஜோதி, மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தபோது அமெரிக்க டாக்டரம்மாக்களிடம் இந்த சாஃப்ட்பால் ஆட்டத்தைக் கற்றவள். பந்தைக் கீழிருந்து வீச வேண்டும். முன்கை இடுப்பை உரசும் நொடியில் மணிக்கட்டைச் சுண்டி விட வேண்டும். ஞாயிறு மாலைகளில் ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு சாக்கைக் குறியாகத் தொங்கவிட்டிருந்தாள். போன ஞாயிறு, மற்றவர்கள் கிளம்பிய பிறகு சின்னத்தாயின் கை முதன்முறையாக இடுப்பை உரசி வந்தது. பந்து சாக்கின் நடுவில் அடித்தது.

புதன்கிழமை கணக்கப்பிள்ளை குருசாமியின் அறை ஜன்னல் உடைந்தது. கட்டிலருகே கல் கிடந்தது.

அறையைக் கூட்டச் சாயங்காலம் தனியாக வரும்படி சின்னத்தாய்க்கு அவர் ஆள்மேல் ஆள் அனுப்பியதும், அவள் போகாததும் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கங்காணி அழகுமலை ஜன்னலுக்கு முன் வெகுநேரம் நின்றார். அங்கே கூரை மிகவும் தாழ்ந்து இறங்கியிருந்தது. தோளுக்கு மேலிருந்து எறிந்திருந்தால் கல் கூரையில் பட்டிருக்கும். இது கீழிருந்து ஏறி வந்த கல் என்றார். எறிந்தவள் குடும்பத்தோடு மலையிறங்க வேண்டும் என்பது எஸ்டேட் துரையின் உத்தரவு. சின்னத்தாய்க்கு இறங்கிப்போக ஊரில் வீடில்லை. லயத்து அறையும், அதில் படுக்கையாகக் கிடந்த மாமியாரும்தான்.

மறுநாள் காலை கங்காணி எல்லோரையும் கூட்டி, அவள் கையில் பந்தைக் கொடுத்து, அந்த ஜன்னலுக்கு நேரே நிறுத்தினார்.

"நர்சம்மா சொல்லிக்குடுத்த மாதிரியே வீசு. நடிச்சேன்னா எனக்குத் தெரியும்."

சின்னத்தாய் வீசினாள். கை அகன்று போனது. பந்து வலப்பக்கம் பறந்து கோழிக்கூண்டின் மேல் விழுந்தது.

"இவளுக்குப் பயந்து கோழியத்தான் ஒளிச்சு வைக்கணும்" என்றாள் வேலுத்தாய். பெண்கள் சிரித்தார்கள்.

கங்காணி சிரிக்கவில்லை. "எப்பவும் இப்படித்தான் வீசுவாளாம்மா?"

ஞானஜோதி கோழிக்கூண்டின் மேல் கிடந்த பந்தைப் பார்த்தாள். கை தானாகத் தவறவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பயத்தில் மறைக்கிறாளா, செய்ததை மறைக்கிறாளா? சின்னத்தாய் தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை. அதுதான் ஞானஜோதியை உறுத்தியது.

"ஆமா கங்காணி. இடுப்புல கூடை இருக்குங்கிற நெனப்பு இன்னும் போகல அவளுக்கு."

ஞாயிறு வந்தது. சின்னத்தாயைத் தனியே அழைத்துக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தே ஞானஜோதி போனாள். ஸ்டோருக்கு மேலே பாதையில் அழகுமலை நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சின்னத்தாய் வீசினாள். பந்து வலப்பக்கம் போனது. அடுத்து வேலுத்தாய். ஆரம்பத்திலிருந்தே சாக்கை அடித்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய பந்தும் வலப்பக்கம் போனது. பிறகு மாரித்தாய். பிறகு மற்றவர்கள். ஒருத்தியும் குறியை அடிக்கவில்லை.

கேட்க வந்த கேள்வியை இப்போது யாரிடம் கேட்பது என்று ஞானஜோதிக்குத் தெரியவில்லை. புதருக்குள் இறங்கிப் பந்தைத் தேடி எடுத்து வந்து, அடுத்தவள் கையில் கொடுத்தாள்.