மாப்பிள்ளையின் முழங்கால்

பாரிசின் லா சப்பலில் அண்ணன் சேந்தனுடைய கடைக் கண்ணாடியில், முருங்கைக்காய் விலைக்கு மேலே, கீர்த்தனனின் படம் ஒட்டியிருந்தது. 'இங்கிலாந்தின் நடுக்கள வேங்கை எங்கள் அணியில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் ஏற்ற வந்த சிவாஜினி அதன் முன்னால் நின்றாள். அவனோடு கல்யாணமாகி இரண்டு மாதம். இந்த வேங்கை படியிறங்கும்போது கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பது ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கீர்த்தனன் லண்டனில் பிறந்தவன். கீழ்ப்பிரிவு உதைபந்தாட்டக் கழகம் ஒன்றில் ஒன்பது வருடம் நடுக்களத்தில் ஆடினான். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்துப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பதுதான் அவன் வேலை. பக்கத்தில் நின்றவன் கோல் போட்டான், பேப்பரில் வந்தான், பெரிய கழகத்துக்குப் போனான். கீர்த்தனன் நின்ற இடத்திலேயே நின்றான். கடைசியில் ஒரு மழைநாள் ஆட்டத்தில் வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. இரண்டு சத்திரசிகிச்சைக்குப் பிறகு, கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள். இன்னொருதரம் முறுக்கினால் ஒழுங்காக நடக்கவே முடியாது என்று, கல்யாணமாகிப் பாரிஸ் வந்தபின், டொக்டர் பிரெஞ்சில் சொன்னதை அவனுக்குத் தமிழில் சொன்னது சிவாஜினிதான். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்த ஒன்பது வருடத்தில் கூட்டம் ஒருநாளாவது தன் பெயரைச் சொல்லிப் பாடவில்லை என்றான். இதை ஏன் இப்போது சொல்கிறான் என்று அவளுக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

லா சப்பலில் பாடினார்கள். தேத்தண்ணி குடிக்கப் போனால் எழும்பி இடம் கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். விட்டுவந்த ஊர்களின் பெயரால் பாரிசில் நடக்கும் கழகங்களெல்லாம் கோடையில் லா கூர்னெவில் மோதும் கிண்ணத்துக்கு ஒரு விதி உண்டு. ஆடுகிறவன் தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ அந்த ஊரவனாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊரில் பெண் எடுத்திருக்கவேண்டும். கீர்த்தனனின் தாயும் தகப்பனும் வேறு வேறு ஊர்க்காரர். ஆக, அவன் சிவாஜினியின் ஊருக்கு ஆடுவது அவள் கழுத்தில் கட்டிய தாலியால்தான்.

அவளுடைய அண்ணன் சேந்தன்தான் கழகத் தலைவர். மாப்பிள்ளை பார்க்க லண்டன் போய்வந்தவன், பையனின் குணத்தைப் பற்றி இரண்டு வார்த்தையும், அவன் பந்து கொடுக்கும் அழகைப் பற்றி இரவுச் சாப்பாடு முடியும்வரையும் பேசினான். வீடே சிரித்தது, அவளும் சிரித்தாள். கடையில் படம் ஏறிய நாளிலிருந்து அவளால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. தனக்கு மாப்பிள்ளை எடுத்தார்களா, கழகத்துக்கு ஆள் எடுத்தார்களா? முழங்காலைப் பற்றி அண்ணனிடம் அழாக்குறையாகச் சொல்லிப் பார்த்தாள். ஊசி ஒன்று போட்டால் தாங்கும், கடைசி ஆட்டம் மட்டும்தானே என்றான் அவன். கீர்த்தனனிடம் கெஞ்சினாள். அவன் காலணிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்கு முன்னால்தான், எதிர்த்து ஆட வந்த பக்கத்து ஊர்க்காரர் பிரச்சினையைக் கிளப்பினார்கள். தாலி கட்டியது லண்டன் கோயிலில், அது சரி. ஆனால் பிரெஞ்சுச் சட்டப்படி மெரியில், அதாவது நகரசபையில், பதிவு செய்தாகிவிட்டதா? இல்லையென்றால் அவன் எப்படி ஊர் மாப்பிள்ளை? இரண்டு பக்கமும் கத்தத் தொடங்கின. லண்டனிலிருந்து சில பத்திரங்கள் வரத் தாமதமாகி, பதிவு செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது. அது வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கடைசியில் போட்டிக் குழுத் தலைவர் மகேந்திரராசா, பெண்ணின் வாயால் கேட்போம், அதற்குமேல் பேச்சில்லை என்று தீர்த்தார். இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

ஊரே சுற்றி நின்றது. சேந்தன் தங்கையைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான். கீர்த்தனன் புதுச் சட்டையில், ஊசி போட்ட காலை மெதுவாக ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் அவள் இதுவரை கண்டிராத ஒரு வெளிச்சம் இருந்தது. அவள் கண்ணை இறக்கி அவன் முழங்காலைப் பார்த்தாள்.

"பிள்ளை, பயப்பிடாமல் சொல்லும்," என்றார் மகேந்திரராசா. "கல்யாணம் முடிஞ்சுதோ, இல்லையோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை, இரண்டு மாதமாக ஒரே வீட்டில் ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிடுகிறார்கள்.

"இல்லை மாமா," என்றாள் சிவாஜினி. "எங்களுக்கு இன்னும் கல்யாணம் முடியேல்லை."

யாரோ பின்னால் வாய்விட்டுச் சிரித்தார்கள். சித்தி முறையான பூரணி, அப்படியென்றால் இந்த இரண்டு மாதமும் என்ன குடித்தனம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள். சேந்தன் போய், கீர்த்தனனின் இடத்துக்கு வேறொரு பையனுக்குச் சட்டை கொடுத்தான். சிவாஜினிக்குக் காது இரண்டும் எரிந்தன. ஆனாலும் அழவில்லை.

ஆட்டம் தொடங்கிய பிறகுதான் கீர்த்தனன் வந்தான். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், நடுவில் ஓராள் இடம் விட்டு.

"நீங்கள் நடக்கவேணும் எண்டுதான் சொன்னனான்," என்றாள்.

"நீர் என்ர காலை மட்டும் பாத்தீர்," என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "இவ்வளவு சனத்துக்கு முன்னால, நான் உமக்கு ஆருமில்லை எண்டு சொல்லிப்போட்டீர்."

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. விளையாடாத கீர்த்தனனைத்தான் தனக்குத் தெரியும், அவனைத்தான் பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"செப்டம்பரில மெரிக்கு வருவீங்கள்தானே?"

அவன் கேட்டானா என்று தெரியவில்லை. கண்கள் பந்தோடு போய்க்கொண்டிருந்தன, இடமிருந்து வலம், திரும்ப இடம். உதடுகள் சத்தமில்லாமல் யாருக்கோ கொடு, கொடு என்றன. பந்து வெளியே போனால் திரும்பிப் பதில் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். யாரோ உயரத் தூக்கி அடித்தான். பந்து கோட்டை ஒட்டிப் பறந்து, காற்றில் சற்று வளைந்து, மறுபடி உள்ளேயே விழுந்தது.